ராத்திரி எப்படிப் போச்சு?



பழைய ப்ரூஃப் தாள்களை நாங்கள் உடனே எடைக்குப் போடுவதில்லை. ஆறு மாதம் கட்டி வைத்திருந்து, பிறகுதான் கடைக்காரரைக் கூப்பிடுவோம். போன மாதம் அப்படி ஒரு கட்டைப் பிரித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. எங்கள் இதழுக்கு மெய்ப்புத் திருத்தும் தோழி ஒவ்வொரு தாளின் வலது மூலையிலும் பென்சிலால், பொடி எழுத்தில், ஒரு நேரத்தைக் குறித்திருந்தாள். 6.10. 6.45. 7.20. 9.05. 10.50. கட்டு முழுவதையும் புரட்டிப் பார்த்தேன். பகல் பதினொன்றரைக்குப் பிறகு மாலை ஆறரை வரை ஒரு தாள்கூட இல்லை. மாலை ஆறரைக்கு மேல் குறித்தவை மூன்றே மூன்று.

"எதுக்கும்மா இந்த நேரமெல்லாம்?" என்று கேட்டேன்.

"பதினொன்றரைக்கு மேல நான் பாக்குற பக்கத்தை நானே நம்ப மாட்டேன் அக்கா. ஒற்று கண்ணுக்கே தெரியாது. ஒரே வரியை நாலு தடவை படிப்பேன், அப்பவும் மண்டையில ஏறாது. தப்பு ஏதாவது விட்டிருந்தா எந்த நேரத்துல விட்டேன்னு எனக்குத் தெரியணும்ல, அதுக்குத்தான்."

அவளுக்கு 36 வயது. எட்டு வருடங்களாக மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் இருக்கிறது. எம்.எஸ். என்று சுருக்கமாகச் சொல்வார்கள். எங்களுக்குத் தெரிந்து மூன்று வருடம்தான் ஆகிறது. அதற்கு முன்பு ஒரு பிற்பகலில் அவள் மேசைமேல் தலை சாய்த்துக் கிடந்ததைப் பார்த்து, நாலு பேர் காது கேட்க, "ராத்திரியெல்லாம் சீரியல் பாத்துட்டு இங்க வந்து தூங்குறியா?" என்று கேட்டவள் நான். அவள் பதில் சொல்லவில்லை. எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அந்த வார்த்தை இன்னமும் எனக்குத் தொண்டையில் நிற்கிறது. அவளிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று. ஆனாலும் அப்படிப் பேசிய எத்தனையோ பேரும், அந்தப் பேச்சை வாங்கிக்கொண்டு முகம் கழுவப் போன எத்தனையோ பேரும் இந்தப் பக்கத்தைப் படிக்கக்கூடும். மே 30 உலக எம்.எஸ். நாள். இந்த மாதப் பக்கத்தை அவர்களுக்குத் தருகிறேன். "பேர் மட்டும் வேண்டாம் அக்கா, மத்ததெல்லாம் எழுதுங்க" என்று அவளே சொல்லிவிட்டாள்.

நோயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் உடம்பில் நோய்க்கிருமியோடு சண்டை போட வேண்டிய படை, ஆள் அடையாளம் தெரியாமல் சொந்த நரம்பின் மேலுறையைத் தாக்குவதுதான் எம்.எஸ். மின்கம்பிக்கு மேலே பிளாஸ்டிக் உறை இருப்பதுபோல மூளையிலும் தண்டுவடத்திலும் பார்வை நரம்பிலும் நரம்பு இழைகளைச் சுற்றி மயலின் என்ற கொழுப்பு உறை இருக்கிறது. அது அங்கங்கே உரிந்து, அந்த இடம் தழும்பேறிக் கெட்டிப்படுகிறது. 1868-ல் பாரிஸ் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் ழான் மார்த்தின் ஷார்கோ இதைத் தனி நோயாக விவரித்தார். உலகம் முழுவதும் ஏறத்தாழ 28 லட்சம் பேருக்கு இருப்பதாக எம்.எஸ். பன்னாட்டுக் கூட்டமைப்பு 2020-ல் கணக்குச் சொன்னது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு பங்கு அதிகம். பெரும்பாலும் இருபதுக்கும் நாற்பதுக்கும் நடுவே, கல்யாணம், குழந்தை, வேலை என்று எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும் வயதில் வருகிறது.

நம் அரசு விண்ணப்பங்களில் இதன் பெயர் 'தண்டுவட மரப்பு நோய்'. நல்ல தமிழ்ப்பெயர்தான், ஆனால் எனக்கு அதில் ஒரு குறை உண்டு. மூளை அந்தப் பெயரில் இல்லை. பெயரைக் கேட்பவர்கள் நடையைத்தான் பார்க்கிறார்கள். கால் நன்றாக நடக்கிறதே, பிறகென்ன நோய் என்று நினைக்கிறார்கள். மருத்துவர்கள் நோயின் அளவைக் குறிக்க உலகமெங்கும் பயன்படுத்தும் அளவுகோலும், 1983-ல் ஜான் கர்ட்ஸ்கி வகுத்தது, பாதிக்குமேல் எத்தனை தூரம் நடக்க முடிகிறது என்பதை வைத்தே ஏறுகிறது. ஆனால் எம்.எஸ். உள்ளவர்களில் முக்கால்வாசிப் பேருக்கும் மேல் சொல்லும் ஒரு குறை நடையைப் பற்றியதல்ல. முடியவில்லை என்பதுதான். என்ன முடியவில்லை என்று கேட்டால், எதுவுமே.

இந்த 'முடியவில்லை'க்குத் தமிழில் சொல் தேடிப் பார்த்தேன். சொல்லுக்குப் பஞ்சமில்லை. வேலை செய்துவிட்டு வந்தால் களைப்பு. ராத்திரி முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்து வந்தால் அலுப்பு. வயிறு நிறையச் சாப்பிட்டால் உண்ட மயக்கம். மனசும் சேர்ந்து வாடினால் சோர்வு. காய்ச்சல் விட்ட மறுநாள் அசதி. ஒவ்வொரு சொல்லும் தன் காரணத்தைக் கையோடு கூட்டிக்கொண்டு வருகிறது. காரணம் போனால் அதுவும் போய்விடுகிறது. படுத்து எழுந்தால் களைப்பு தீரும் என்பது நம் எல்லோருக்கும் பழக்கமான கணக்கு. அந்தக் கணக்குக்குள் அடங்காத ஒன்றைத்தான் இவர்கள் சுமக்கிறார்கள். எட்டு மணி நேரம் படுத்து எழுந்த காலையிலும் அது இருக்கும். ஒரு வேலையும் செய்யாத ஞாயிற்றுக்கிழமையும் வரும். பேசிக்கொண்டிருக்கும்போதே, வாக்கியத்தின் நடுவில்கூட வந்து இறங்கும்.

தோழி சொன்ன விளக்கம்தான் எனக்குச் சரியாகப் புரிந்தது. "கரண்ட் போனாக்கூடப் பரவாயில்ல அக்கா, தெருவுக்கே தெரியும். இது லோ வோல்டேஜ். ஃபேன் சுத்தும், காத்து வராது. மோட்டார் உறுமும், தண்ணி ஏறாது. வெளியில இருந்து பாக்கறவங்களுக்கு எல்லாம் ஓடுற மாதிரிதான் தெரியும்."

அறிவியலும் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறது. உறை உரிந்த நரம்பில் சேதி மெதுவாகப் போகிறது, சில சமயம் பாதியில் நின்றுவிடுகிறது. நேர்வழி பழுதானதால் மூளை சுற்றுவழியில் போகிறது. விரலை அசைப்பது போன்ற எளிய வேலைக்குக்கூட எம்.எஸ். உள்ளவர்களின் மூளையில் மற்றவர்களைவிடக் கூடுதல் பகுதிகள் இயங்குவதை ஸ்கேனில் பார்த்திருக்கிறார்கள். நாம் ஒரு பக்கம் படிக்கும் செலவில் அவள் கால் பக்கம் படிக்கிறாள். போதாததற்கு, உடம்புக்குள் அழற்சி நடக்கும்போது சுரக்கும் வேதிப்பொருள்கள் காய்ச்சல் நேரத்து அசதியை உண்டாக்கக்கூடியவை. இருக்கும் சொற்களில் அசதிதான் கிட்டத்தில் வருகிறது, அதனால் இனி அதையே எழுதுகிறேன்.

இதுவரை சொன்னது பகல். அவளுடைய இரவைப் பற்றி நான் கேட்டதே இல்லை. யாருமே கேட்டதில்லையாம். "நல்லாத் தூங்கினியா?" என்று கேட்பார்கள், "ம்" என்பாள், அத்தோடு சரி. போன வருடம் புதிதாகப் பார்த்த நரம்பியல் மருத்துவர்தான் முதன்முதலாக வேறு மாதிரி கேட்டிருக்கிறார்: ராத்திரி எப்படிப் போச்சு? பத்து மணியிலிருந்து சொல்லுங்கள். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒரு வாரம் எழுதிக்கொண்டு வரச் சொன்னார்.

அவள் எழுதியது தினசரி காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில். ஏழு தாள். எனக்கும் காட்டினாள். முன்பக்கம் ராகு காலம், எமகண்டம்; பின்பக்கம் அவளுடைய இரவு. ஒரு தாளில் இருந்ததை அப்படியே சொல்கிறேன். 10.30 படுத்தேன். 10.50 கால் ஆரம்பித்தது. சோடா பாட்டிலைத் திறந்ததுபோல் கெண்டைக்காலுக்குள் பொங்குகிறது, அசைத்தால்தான் அடங்குகிறது, எழுந்து ஹாலில் நடந்தேன். 12.20 தூங்கியிருப்பேன். 1.40 பாத்ரூம், அவசரம், போனால் கொஞ்சம்தான் வந்தது. 2.45 மறுபடியும். 3.20 தொடையில் சதை இழுத்துக்கொண்டது, அவர் எழுந்து நீவிவிட்டார். 3.50 பாத்ரூம். 4.40 பாத்ரூம். 5.00 அலாரம், பையனுக்கு டிபன்.

படித்துவிட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு மணி நேரத்துக்குமேல் தொடர்ச்சியாக அவள் தூங்கியது ஒரே ஒரு முறை. படுக்கையில் இருந்தது ஆறரை மணி நேரம். வீட்டில் இருப்பவர்களுக்கும் அலுவலகத்தில் இருக்கும் எனக்கும் அவள் ஆறரை மணி நேரம் தூங்கி எழுந்து வந்தவள்.

அந்த ஒரு தாளில் மருத்துவர் மூன்று நான்கு தனித்தனி விஷயங்களைப் பார்த்தார். கால் பொங்குவது ஓய்வற்ற கால் எனப்படும் கோளாறு. எம்.எஸ். உள்ளவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகம் வருவது. உடம்பில் இரும்புச்சத்துக் கையிருப்பு குறைந்தால் இது கூடும். ஃபெரிட்டின் என்ற ரத்தப் பரிசோதனையில் தெரியும். அவளுக்குக் குறைவாகத்தான் இருந்தது. பாத்ரூமுக்கு ஓட வைப்பது சிறுநீர்ப்பைக்குப் போகும் நரம்பின் கோளாறு. பை நிறையாமலே நிறைந்ததாகச் சேதி போகும், அல்லது போய்விட்டு வந்தும் பாதி உள்ளே தங்கிவிடும். இரண்டும் வேறு வேறு, மருந்தும் வேறு வேறு. ஒரு சின்ன ஸ்கேன் எது என்று சொல்லிவிடுகிறது. சதை இழுப்புக்குப் படுக்கும் முன் எடுக்கும் மாத்திரை உண்டு. வீட்டுக்காரரிடம் குறட்டை பற்றியும் கேட்டாராம். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதும் இந்த நோயில் உண்டு. அது இருப்பவர் ராத்திரி விழித்தது தனக்கே தெரியாமல், காலையில் அடித்துப் போட்டதுபோல் எழுந்திருப்பார். அதைத் தூக்கப் பரிசோதனையில்தான் கண்டுபிடிக்க முடியும், அதைச் சரிசெய்யும் கருவியும் இருக்கிறது.

ஒரு விஷயத்தை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். ராத்திரி எழுந்து ஓட வேண்டுமே என்று பயந்து பலர் தண்ணீரையே நிறுத்திவிடுகிறார்கள். நம் ஊர் வெயிலுக்கு அது ஆகாது. சிறுநீர் கெட்டியாகிப் பை இன்னும் எரிச்சலடையும், தொற்று வரும், தொற்றோடு காய்ச்சல் வந்தால் எம்.எஸ். அறிகுறிகள் எல்லாம் ஒன்றாகத் தலைதூக்கும். தோழிக்குச் சொல்லப்பட்டது வேறு: நாளுக்கான தண்ணீரைக் காலையிலும் பகலிலும் குடித்து முடித்துவிட்டு, படுக்க இரண்டு மணி நேரம் இருக்கும்போது குறைத்துக்கொள். மாலை டீயை விடு.

இனி கடிகாரம். மூளைக்குள், இரண்டு கண்களிலிருந்து வரும் நரம்புகள் ஒன்றையொன்று குறுக்கே கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே, அரிசி மணி அளவில் ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு கொத்து இருக்கிறது. உடம்பின் தலைமைக் கடிகாரம் அதுதான். எப்போது தூக்கம், எப்போது விழிப்பு, எப்போது உடம்புச் சூடு ஏறி எப்போது இறங்க வேண்டும், எல்லாம் அதன் பொறுப்பு. விட்டுவிட்டால் இருபத்து நான்கு மணி நேரத்தைவிடக் கொஞ்சம் நீட்டியே ஓடும். காலை வெளிச்சம்தான் தினமும் அதைச் சரிசெய்கிறது. அந்த வெளிச்சச் செய்தியைக் கொண்டுபோக விழித்திரையில் தனி வகை அணுக்கள் இருப்பதை 2002-ல் அமெரிக்காவின் பிரௌன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பெர்சனும் அவருடைய குழுவும் காட்டினார்கள். நாம் எழுத்தைப் படிப்பதற்குப் பயன்படும் அணுக்கள் அல்ல இவை. பகலா இரவா என்று மட்டும் பார்த்துச் சொல்பவை. ஆனால் செய்தி போகும் பாதை பார்வை நரம்புதான். எம்.எஸ். விரும்பித் தாக்கும் இடங்களில் ஒன்று பார்வை நரம்பு. தோழிக்கு நோய் தொடங்கியதே ஒரு கண்ணில் எழுத்து மங்கியதில்தான். ப்ரூஃப் அச்சு சரியில்லை என்று அச்சகத்துக்குப் போன் செய்தவள் அவள்.

பார்வை நரம்பும் கடிகாரத்தைச் சுற்றியுள்ள மூளைப் பகுதியும் பாதிக்கப்படுகிற நோயில் கடிகாரம் தடுமாறுவது வியப்பில்லை. சிலருக்கு நள்ளிரவு தாண்டியும் தூக்கம் எட்டிப் பார்க்காது, காலை எட்டு மணிக்கு அடித்து வீழ்த்தும். சிலருக்கு மாலை ஏழு மணிக்கே கண் சொருகும், இரண்டு மணிக்கு முழு விழிப்பு. நோய் திடீரென்று கூடும்போது தரப்படும் ஸ்டீராய்டு ஊசிகள் அந்தச் சில நாள் தூக்கத்தை அடியோடு எடுத்துவிடும் என்பதையும் முன்கூட்டியே வீட்டாருக்குச் சொல்லிவைப்பது நல்லது. இருட்டானதும் மூளையில் சுரக்கும் மெலடோனின் பற்றி 2015-ல் 'செல்' இதழில் அர்ஜென்டினாவிலிருந்து ஓர் ஆய்வு வந்தது: புவனஸ் ஐரிஸ் நகரத்து நோயாளிகளுக்கு, இரவு நீண்டு மெலடோனின் அதிகம் சுரக்கும் மாதங்களில் நோய் கூடுவது குறைந்திருந்தது. ஆர்வமூட்டும் செய்தி. இதைப் படித்துவிட்டுக் கடையில் மெலடோனின் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டாம். நோயெதிர்ப்புப் படையோடும் பேசுகிற பொருள் அது, உங்கள் மருத்துவருக்குத் தெரிந்துதான் எடுக்க வேண்டும்.

நம் முன்னோர் ஒரு நாளை ஆறு சிறுபொழுதாகப் பிரித்தார்கள்: வைகறை, காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம். பாலைத் திணைக்குத் தொல்காப்பியம் வகுத்த பொழுது நண்பகல், பருவம் வேனில். எம்.எஸ். உள்ள எவரைக் கேட்டாலும் அவர்களுடைய பாலையும் இந்த இரண்டும்தான். உடம்புச் சூடு விடியலுக்கு முன்பு மிகத் தாழ்ந்திருந்து, பகலெல்லாம் ஏறிக்கொண்டே போகிறது. உறை உரிந்த நரம்புக்குச் சூடு ஆகாது. அரை டிகிரி ஏறினாலே சேதி தடைப்படலாம். நடந்து வந்தபின் பார்வை மங்கிய நோயாளிகளை 1890-லேயே வில்ஹெல்ம் உட்டாஃப் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர் குறித்து வைத்தார். அந்த மங்கலுக்கு இன்றும் அவர் பெயர்தான். வெளியே வெயிலே இல்லாத அறையில் இருந்தாலும், எம்.எஸ். உள்ளவர்களின் உடம்புச் சூடு மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதலாகவும், சூடு கூடியவர்களுக்கு அசதி கூடுதலாகவும் இருந்ததை 2014-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது.

இதைச் சென்னையின் கத்திரி வெயிலுக்குள் வைத்துப் பாருங்கள். உடம்பு குளிர்ந்தால்தான் தூக்கம் பிடிக்கும். மே மாதத்து ராத்திரியிலோ சுவர் பகலில் வாங்கிய சூட்டை விடிய விடியக் கக்கிக்கொண்டிருக்கும். தோழியின் வீட்டில் ஏசி போட்ட வருடம் மாமியார் கரண்ட் பில்லைப் பற்றிப் பேசினார். அடுத்த வருடத்திலிருந்து அவரே எட்டு மணிக்குப் போய் அறையைக் குளிர வைத்துவிட்டு வருகிறார். "அது அவளுக்கு மாத்திரை மாதிரி" என்று பக்கத்து வீட்டில் சொன்னாராம். எங்கள் அலுவலகத்தில் அவள் மேசைக்கருகே ஒரு வாளியில் தண்ணீரும் துண்டும் இருக்கும். கழுத்தில் ஈரத்துண்டு, மணிக்கட்டை வாளிக்குள் பத்து நிமிடம். வெளியே கிளம்பும் முன் குளிர்ந்த நீரில் ஒரு குளியல். வெயிலால் மங்கியது உடம்பு குளிர்ந்ததும் திரும்பிவிடும், நிரந்தரக் கேடு இல்லை என்று தெரிந்த பிறகு அவளுக்குப் பாதிப் பயம் போயிற்று.

அசதிக்கு மாத்திரை இல்லையா என்று கேட்பீர்கள். அமண்டடின், மொடாஃபினில், மெதில்ஃபெனிடேட் என்று மூன்று மருந்துகளைப் பல வருடங்களாக எழுதித் தருகிறார்கள். அமெரிக்காவில் 141 பேருக்கு இந்த மூன்றையும் வெறும் மாத்திரையையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2021-ல் 'லான்செட் நியூராலஜி' இதழில் வந்தது. மூன்றில் எதுவும் வெறும் மாத்திரையை ஜெயிக்கவில்லை, பக்கவிளைவு மட்டும் கூடுதல். 2024-ல் அதே இதழில் வந்த இன்னோர் ஆய்வில், தொலைபேசியிலேயே நடத்திய மனப்பயிற்சி சிகிச்சை மொடாஃபினில் அளவுக்கே அசதியைக் குறைத்தது. அதில் வெறும் மாத்திரைக் குழு கிடையாது என்பதால் மாத்திரையைப் பற்றிக் கடைசித் தீர்ப்பு சொல்ல முடியாது. ஒரு சிலருக்கு அந்த மருந்துகள் உதவுகின்றன, அதை மறுக்கவில்லை. ஆனால் மாத்திரைக்கு முன்னால் ராத்திரியைப் பாருங்கள் என்பேன். கூடவே ரத்தசோகை, தைராய்டு, பி12, மனச்சோர்வு இவற்றையும் ஒருமுறை பார்த்துவிடச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் எம்.எஸ். தலையில் கட்டிவிட்டு, சரிசெய்யக்கூடியதைச் சரிசெய்யாமல் விட்ட கதைகள் நிறைய.

தோழியின் நாள் இப்போது எப்படி இருக்கிறது என்று சொல்கிறேன். படுப்பது கொஞ்சம் முன்பின் ஆனாலும் எழும் நேரம் மாறாது, ஞாயிறு உட்பட. எழுந்ததும் மொட்டைமாடியில் அரை மணி நேரம், வெயில் ஏறும் முன்பு, நடை. உடற்பயிற்சி அசதியைக் கூட்டும் என்று முன்பெல்லாம் பயந்தார்கள். அளவாகச் செய்தால் குறைக்கிறது என்பதுதான் பிறகு தெரிந்தது. மூளை வேலை எல்லாம் காலையில். பகல் ஒன்றரைக்கு இருபது நிமிடக் கோழித்தூக்கம், அலாரம் வைத்து. மூன்று மணிக்குமேல் கண் மூடினால் ராத்திரிக் கணக்கு கெட்டுவிடும். ஒன்பது மணிக்குமேல் போனை வேறு அறையில் வைத்துவிடுகிறாள். டிபன் கட்டும் வேலை வாரத்தில் நான்கு நாள் வீட்டுக்காரருடையது. இரும்புச்சத்தும் சிறுநீர்ப்பை மருந்தும் சேர்ந்து, இப்போது ராத்திரி எழுவது ஒரு முறை, சில நாள் அதுவும் இல்லை. பகல் லோ வோல்டேஜ் நின்றுவிட்டதா என்றால் இல்லை. பதினொன்றரைக்கு வந்தது இப்போது ஒரு மணிக்கு வருகிறது. அந்த ஒன்றரை மணி நேரத்தில் அவள் என்ன செய்கிறாள் தெரியுமா? பாதியில் விட்ட ஒரு நாவலை மொழிபெயர்க்கிறாள்.

அலுவலகத்தில் நாங்கள் செய்தது பெரிதாக ஒன்றுமில்லை. அவளுக்கு மெய்ப்பை முந்தின நாள் மாலையே அனுப்பிவிடுகிறோம். காலை ஆறு முதல் வீட்டிலிருந்து பார்ப்பாள். பிற்பகலில் அவளை எந்தக் கூட்டத்துக்கும் கூப்பிடுவதில்லை. முதலாளிகளாகவும் அதிகாரிகளாகவும் இருக்கும் வாசகர்கள் தெரிந்துகொள்ளட்டும்: 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் எம்.எஸ். பெயரோடு இருக்கிறது. அந்தச் சட்டம் பேசும் நியாயமான ஏற்பாடு என்பது சாய்தளத்தோடு முடிவதல்ல. வேலை நேரத்தை இரண்டு மணி நேரம் நகர்த்துவதும் அதுதான். 1985-ல் தொடங்கிய இந்திய மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் சங்கத்துக்குச் சென்னையிலும் கிளை உண்டு. புதிதாக நோய் தெரிந்து தனியாகத் தவிப்பவர்கள் அங்கே போய் இன்னொருவரோடு பேசினாலே பாதி பாரம் இறங்கும் என்று தோழி சொல்கிறாள்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்வீடனில் 2023-ல் வந்த ஓர் ஆய்வு, 15 முதல் 19 வயதுவரை ஏழு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்களிடம் பிற்காலத்தில் எம்.எஸ். சற்றே அதிகம் இருந்ததைக் கண்டது. இருபது வயதுக்கு முன் ராத்திரி ஷிப்ட் பார்த்தவர்களிடமும் இதையே முன்பு பார்த்திருக்கிறார்கள். தூக்கக் குறைவுதான் காரணம் என்று இதற்குப் பொருள் இல்லை, நோயும் அரிதானது, பயப்பட வேண்டாம். ஆனாலும் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளையை ராத்திரி பன்னிரண்டு வரை உட்கார வைத்து, நாலரைக்கு எழுப்பும்போது எனக்கு மனசு பதறுகிறது.

உங்கள் வீட்டில் எம்.எஸ். உள்ளவர் இருந்தால், நாளை காலை ஒரே ஒரு கேள்வியை மட்டும் மாற்றிப் பாருங்கள். ராத்திரி எப்படிப் போச்சு என்று கேட்டுவிட்டு, பதில் முடியும்வரை உட்கார்ந்திருங்கள். ஏழு நாள் எழுதச் சொல்லி, அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது எம்.ஆர்.ஐ. படத்தோடு அந்தத் தாள்களையும் எடுத்துப் போங்கள். உங்கள் அனுபவங்களை எங்களுக்கும் எழுதுங்கள். ஒரு பக்கம், அரைப் பக்கம், முடிந்த நேரத்தில் முடிந்த அளவு.

இந்தப் பக்கத்தையும் வழக்கம்போல் அவளுக்குத்தான் அனுப்பினேன். இரண்டு ஒற்றுப்பிழைகளைத் திருத்தியிருக்கிறாள். காலண்டர் தாளைப் பார்த்து நான் எழுதிய இடத்தில், மூன்று முறை பாத்ரூம் போனதாகப் போட்டிருந்தேன். அதை அடித்துவிட்டு, விடுபட்டுப்போன 3.50-ஐச் சேர்த்து நான்காக்கியிருக்கிறாள். மூலையில் பென்சிலால் எழுதியிருக்கிறது: 6.20.

அன்புடன்,
ஆசிரியர்